யாரைவிட?

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. நான்கு மின்விசிறிகளில் இரண்டுதான் சுற்றின. இளங்கலை இரண்டாமாண்டு மாணவிகளுக்குத் தனிப்பாடல்கள் நடத்திக்கொண்டிருந்தேன். ஔவையாரிடம் முருகன் நான்கு கேள்விகள் கேட்பதாக வரும் பாடல்கள். கொடியது எது, இனியது எது, பெரியது எது, அரியது எது? 1967இல் வந்த ‘கந்தன் கருணை’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடியதால், பாடப்புத்தகத்தைத் தொடாதவர்களுக்கும் இவை தெரியும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொருளைச் சொல்லி, அதைவிட இது, அதைவிட இது என்று படியேறிப் போவதுதான் விடை சொல்லும் முறை.

கொடியதைப் பற்றிய பாடலுக்கு வந்தேன். வறுமை கொடியது. இளமையில் வறுமை அதைவிடக் கொடியது. தீராத நோய் அதையும்விட. அதற்கும் மேலே அன்பில்லாத பெண். உச்சிப் படியில், அவள் கையால் சோறு வாங்கி மகிழ்ந்து உண்பது. பதினெட்டு ஆண்டுகளாக இதை இதே வரிசையில், இதே குரலில் நடத்தி வருகிறேன். ‘அன்றைய ஆண்மையச் சமூகத்தின் பார்வை’ என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்வேன். மாணவிகள் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

கடைசி வரிசையிலிருந்து விடுதி மாணவி ஒருத்தி எழுந்தாள். தமிழ்த் துறையில் எங்களை ‘அம்மா’ என்றுதான் அழைப்பார்கள்.

“அம்மா, ஒரு சந்தேகம். அந்தப் பொம்பளைக்கு அன்பு இல்லன்னே வச்சுக்குவோம். ஆனா சோறு பொங்கிப் போட்டிருக்காங்கல்லம்மா? இவரு உக்காந்து சாப்பிட்டும் இருக்காரு. அப்புறம் யாரும்மா கொடியவங்க?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்தது. அன்று மாலை வீட்டுக்குப் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கேள்வி என் அம்மாவின் முகத்தோடு திரும்பி வந்தது.

என் அம்மாவை அப்பா வீட்டார் ‘கல்லு’ என்பார்கள். அத்தைகள் பேசும்போது அவள் பெயரே கல்லுதான். “கல்லு இன்னைக்கு என்ன குழம்பு வச்சிருக்கு?” விருந்தாளி வந்தால் வாங்க என்று ஒரு சொல், பிறகு அடுப்படி. எங்களைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வந்துவிடும், கை நெற்றியில் வராது. பரிமாறும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள், தட்டைப் பார்ப்பாள். தட்டில் இடம் காலியானால் கரண்டி வரும்.

எங்கள் பக்கம் திருநெல்வேலி. சனிக்கிழமைகளில் உளுந்தஞ்சோறு. தொலி உளுந்தை வறுத்து, பூண்டும் வெந்தயமும் தேங்காயும் போட்டு அரிசியோடு பொங்கி, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அப்பா முதல் வாய் எடுத்து வைத்ததும் சொல்வார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அம்மை வைக்கிற மாதிரி இல்ல.” ஆச்சி இறந்து பல வருடங்கள் ஆன பிறகும் சொன்னார். இதை ஒரு குறையாக அவர் சொல்லவில்லை. பக்தியாகச் சொன்னார். உலகத்திலேயே நல்ல உளுந்தஞ்சோறு என்கிற இடம் நிரந்தரமாக நிரம்பிவிட்டது. அம்மா நாற்பது ஆண்டுகள் சனிக்கிழமை தவறாமல் இரண்டாம் இடத்துக்குச் சமைத்தாள்.

இதையெல்லாம் இப்போது எழுதும்போது அம்மாவின் பக்கம் நின்றவளைப் போல எழுதுகிறேன். அப்படி நின்றவள் இல்லை நான்.

இருபத்தாறு வயதில் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். சோறு போடுகிற, தலை நிமிராத ஒரு கையைப் பற்றியது. அன்பு இல்லாமல் ஊட்டப்பட்ட உடம்பு எப்படி வளரும் என்று கேட்கிற கவிதை. ஒரு போட்டியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. பிறகு இரண்டு தொகைநூல்களில் சேர்ந்தது. இன்றும் மேடைகளில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் ‘இவருடைய ஆகச்சிறந்த கவிதை’ என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு மூன்று தொகுப்புகள் வந்துவிட்டன. ஒரு பொருட்டே இல்லை. என் ‘ஆகச்சிறந்த’து, நான் என் அம்மாவைக் கொடியவர்களின் வரிசையில் ஏற்றிவைத்த அந்த ஒன்றுதான்.

பரிசளிப்புக்கு அம்மா வந்திருந்தாள். கவிதையை மேடையில் வாசித்தேன். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்குத் திரும்புகிற பேருந்து கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. பேருந்து நிலைய பெஞ்சில் தூக்குவாளியைத் திறந்து புளியோதரையை என் கையில் கொடுத்தாள்.

“முதல் பரிசா?”

“ஆமா.”

“ரெண்டாவது யாருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், பச்சைச் சேலை. அவள் பெயரை அறிவித்தபோது நான் என் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அம்மா கவிதையைப் பற்றி அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அம்மாவுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். என் புத்தகங்கள் எல்லாம் அவள் அலமாரியில் செய்தித்தாள் அட்டை போட்டு இருக்கின்றன.

என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதே ஒரு வரிசைதான். எங்கள் காலத்தில் மதிப்பெண் பட்டியலுக்கு ரேங்க் கார்டு என்றுதான் பெயர். என்ன படித்தாய் என்பதைவிட எத்தனையாவது என்பதுதான் பெயரிலேயே இருந்தது. பொதுத்தேர்வு முடிவு வந்தால் மாநிலத்தில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் படம் செய்தித்தாளில் வரும், வாயில் லட்டு ஊட்டும் பெற்றோருடன். பக்கத்திலேயே ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி’ என்று ஒரு தலைப்பு. அந்த ‘வழக்கம்போல்’ எனக்கு எப்போதும் உறுத்தும். வழக்கம்போல் ஜெயித்தவர்கள் அப்புறம் எங்கே போனார்கள் என்று அடுத்த நாள் செய்தி வராது. 2017இல் தமிழக அரசு இந்த முதலிடப் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது. நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் முழுமனதாகச் சொல்ல முடியவில்லை.

ஏனென்றால், பத்தாம் வகுப்பில் நான் பள்ளியில் முதலாவதாக வந்திருக்காவிட்டால் பிளஸ் ஒன்னில் சேர்த்திருக்க மாட்டார்கள். தலைமையாசிரியை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். “முதல் மார்க் வாங்கின பிள்ளையை நிறுத்தாதீங்க” என்றார். அந்த ‘முதல்’தான் எனக்கு மேற்படிப்பு, முனைவர் பட்டம், வேலை, சொந்த வீட்டுச் சாவி. தம்பி சுமாராகப் படித்தான். அவனை மேலே படிக்கவைக்க யாரும் வீட்டுக்கு வந்து பேச வேண்டியிருக்கவில்லை. அக்காவும் சுமாராகத்தான் படித்தாள். அவளுக்காகவும் யாரும் வரவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றாள், பத்தொன்பதில் கல்யாணம். தம்பிக்குச் சுமாராக இருக்க உரிமை இருந்தது, அக்காவுக்கு இல்லை. நான் தப்பித்தது சுமாராக இல்லாததால்.

இதை ஒரு முறை அக்காவிடம் சொன்னேன், ஏதோ நியாயம் பேசுகிற தொனியில். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “நீ நல்லாப் படிச்சே, போன. நான் என்னத்தக் கொறஞ்சு போனேன்?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவள் கேட்டது உண்மையான கேள்வியா, என் வாயை அடைக்கும் கேள்வியா என்று இப்போதும் தெரியவில்லை.

இலக்கண ஆசிரியைக்கு எல்லாமே கடைசியில் இலக்கணத்தில் வந்து நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பாடத்தில் குட், பெட்டர், பெஸ்ட் என்று மனப்பாடம் செய்தோம். ‘பெஸ்ட்’ என்று ஒரே சொல்லில் உச்சிக்குப் போய்விடலாம், கீழே யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். தமிழ்ப் பெயரடை அப்படித் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு மேலே ஏறாது. ‘நல்ல’ எப்போதும் ‘நல்ல’தான். ஏற்ற வேண்டுமானால் இன்னொருவரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்: அவளைவிட நல்லவள், எல்லாரிலும் நல்லவள். ‘மிக’ என்று போடலாம், ‘மிகச்சிறந்த’ என்று எழுதலாம், இப்போது ‘ஆகச்சிறந்த’ என்று எழுதுவது நாகரிகம். ஆனால் கொஞ்சம் உரசிப் பார்த்தால் உள்ளே ‘யாரைவிட?’ என்ற கேள்வி இருக்கும்.

அந்தக் காலத்து உருபு ‘இன்’, ஐந்தாம் வேற்றுமை. நன்னூல் அதற்கு நான்கு பொருள் சொல்கிறது: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. ஒரே உருபு. ஒன்றிலிருந்து பிரிவதற்கும் அதுதான், ஒன்றோடு ஒத்திருப்பதற்கும் அதுதான். காக்கையையும் களாம்பழத்தையும் வைத்து உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. களாம்பழம் காக்கையைப் போலக் கருப்பா, காக்கையைவிடக் கருப்பா? இந்த இடத்தில் மாணவிகள் குழம்புவார்கள். தேர்வில் எதை எழுதுவது என்று கேட்பார்கள். நானும் என் அக்காவும் என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

என் ஆய்வேடு சங்கப் பெண்பாற் புலவர்கள் பற்றியது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், வயதானவர், அன்பானவர்தான், புன்னகையோடு கேட்டார்: “இவங்கள்ல மிகச் சிறந்தவங்கன்னு யாரைச் சொல்வீங்கம்மா?” நாலரை ஆண்டு உழைப்பு மேசைமேல் இருந்தது. ஔவையார் என்றேன். சங்கப் பெண் கவிஞர்களில் அதிகப் பாடல்கள் அவருடையவை, 59. பாதுகாப்பான விடை. தேர்வாளர் தலையாட்டினார். வெள்ளிவீதியாரை நினைத்துக்கொண்டே ஔவையார் என்று சொன்னேன். ஒரே ஒரு பாடல் மட்டும் எஞ்சியிருக்கும் பெண்களையும் அந்த ஒரு விடையால் மேசைக்கு அடியில் தள்ளினேன். அவர்களில் சிலருக்குச் சொந்தப் பெயரே கிடையாது. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றுதான் அறிகிறோம். ‘சிறந்தவர்’ பட்டியலில் எழுதவும் ஒரு பெயர் வேண்டுமே. கபிலரை ‘ஆண்பாற் புலவர்களுள் மிகச் சிறந்தவர்’ என்று அறிமுகம் செய்யும் பாடநூல் எதையும் நான் பார்த்ததில்லை. அவர் புலவர், அவ்வளவுதான். தனி வரிசை எங்களுக்குத்தான்.

சங்க ஔவையும் முருகனுக்குப் பதில் சொன்ன ஔவையும் ஒருவர் அல்லர். அந்தப் பெயரில் வெவ்வேறு காலத்தில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். தனிப்பாடல்களை யார் எழுதி யார் பெயரில் சேர்த்தார்கள் என்பது வேறு வழக்கு. ஆனால் கதையைப் பாருங்கள். மரத்தின்மேல் ஒரு பையன். கீழே நடந்து களைத்த ஒரு கிழவி. சுட்ட பழமா சுடாத பழமா என்று ஆரம்பித்து, அவளை அவன் வாய்மொழித் தேர்வு நடத்துகிறான். அவள் எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு, எது உச்சம், எது உச்சம் என்றே கேட்கிறான். என் புறத்தேர்வாளரை நினைத்துக்கொள்வேன்.

நான்கில் எனக்குப் பிடித்தது பெரியதைப் பற்றிய விடை. உலகம் பெரியது, ஆனால் அது பிரமன் படைத்தது. பிரமனோ திருமாலிடம் தோன்றியவன், திருமாலோ கடலில் படுத்திருப்பவன், கடலோ அகத்தியன் கைக்குள் அடங்கியது, அகத்தியனோ ஒரு குடத்தில் பிறந்தவன், குடமோ கொஞ்சம் மண். எதையும் உச்சியில் உட்காரவிடாத பாட்டு இது. பெரியது என்று சொன்ன மறுகணமே அது இன்னொரு சின்னதற்குள் போய்விடும். பூமியைத் தாங்கும் பாம்பு உமையின் சுண்டுவிரலில் மோதிரமாகக் கிடக்கும் இடம் வரும்போது மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்த அடியிலேயே உமை சிவனின் ஒரு பக்கத்துக்குள் ஒடுங்கிவிடுவாள். இவர்கள் மறுபடி சாய்ந்துகொள்வார்கள். ஒவ்வொரு ஆண்டும் நடக்கும்.

அரியதைப் பற்றிய விடையைத்தான் நடத்த முடிவதில்லை. மனிதராய்ப் பிறப்பது அரிது, அதிலும் கூன், குருடு, செவிடு, பேடு இல்லாமல் பிறப்பது அரிது என்று போகிறது. எங்கள் துறையில் அநேகமாக ஒவ்வொரு ஆண்டும் பார்வையற்ற மாணவிகள் சேர்கிறார்கள். முதல் வரிசையில் கைப்பேசியில் பாடத்தைப் பதிவுசெய்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்லும் அந்தச் சொல்லும் அதில் பதிவாகும். விடுதியில் இரவு அவர்கள் அதை மறுபடி மறுபடி ஓடவிட்டுத்தான் தேர்வுக்குப் படிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பாடலை ‘நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிடுகிறேன். இது தைரியமா கோழைத்தனமா? கோழைத்தனம்தான். சேர்ந்து உட்கார்ந்து அந்த வரியோடு சண்டை போட்டிருக்க வேண்டும்.

இனியதைப் பற்றிய பாடல் தனிமையில் தொடங்குகிறது. தனித்திருப்பது இனிது என்பதுதான் முதல் படி. கிழவி சொன்னதால் ஊர் ஒத்துக்கொண்டது. முப்பத்தைந்து வயதில் நான் தனியாக வீடு எடுத்தபோது அத்தைகள் கேட்ட கேள்விகளுக்கு முருகனே மேல்.

அந்த மாணவி கேட்ட வாரத்துச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா தனியாக இருக்கிறாள். தம்பி கூப்பிட்டும் போகவில்லை, நான் கூப்பிட்டும் வரவில்லை. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து தினசரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ராசிபலன் உட்பட, படித்துக்கொண்டிருந்தாள்.

கவிதையைப் பற்றிக் கேட்கத்தான் போயிருந்தேன். இருபது வருடம் ஆயிற்றே, மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்லலாம் என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்ததும் ஒரு வாக்கியமும் வரவில்லை. முருகனைப் போலத்தான் நானும் கேட்டேன்.

“ஏம்மா, ஒனக்கு இத்தனை வருசத்துல எதும்மா ரொம்பக் கொடுமையா இருந்துச்சு?”

பேப்பரைத் தாழ்த்தினாள். ஆச்சியைச் சொல்வாள், அத்தைகளைச் சொல்வாள், அப்பாவைச் சொல்வாள், என்னைச் சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள்.

“நாலு மணிதான்.”

“என்ன நாலு மணி?”

“சாயங்காலம் நாலு மணி. மதியத்துப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டு வந்து செத்த சாய்ஞ்சா, நாலு மணி ஆயிரும். ராத்திரிக்கு என்ன வைக்கன்னு யோசிக்கணும். சமைக்கதுகூட கை பாட்டுக்குச் செஞ்சிரும். அந்த யோசனை இருக்கு பாரு. தெனமும். ஒரு நா விடாம.”

நான் பேசாமல் இருந்தேன். ஒங்க மூஞ்சிய எல்லாம் எங்கட்டி பாக்க, தட்டுல என்ன காலியாகுதுன்னு பாக்கத்தான் நேரம் இருந்துச்சு என்று அவள் சொல்லவில்லை. நானாக அவள் வாயில் அதை எழுதிவிடக்கூடாது. நாலு மணி என்று மட்டும்தான் சொன்னாள்.

“இப்ப நாலு மணி ஆனா என்ன செய்வ?”

“சும்மா இருப்பேன்” என்றாள். “காலையில வச்சது இருந்தா சாப்பிடுவேன். இல்லன்னா ரெண்டு பழம். யாரு கேக்கா?”

மூன்றே முக்கால் ஆகியிருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனேன். தொலி உளுந்து எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. வெந்தயத்துக்கும் ஒரு முறை குரல் கொடுக்க வேண்டியிருந்தது. உளுந்தைக் கொஞ்சம் கூடுதலாக வறுத்துவிட்டேன், ஓரம் கருகிப்போனது. தேங்காயும் போதவில்லை. எள்ளுத் துவையலுக்கு எள் இல்லை, ஊறுகாய்தான். இருட்டும் நேரத்தில் தட்டில் போட்டு அம்மாவின் முன்னால் வைத்தேன். முதல் வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். தட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். “ஆனா ஒங்க ஆச்சி வைக்கிற மாதிரி இல்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். தண்ணீர் எடுக்க ஓடினேன்.